புகைப்படத்திலிருந்து ஓவியத்துக்கு: குமரி மாவட்டத்தில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புகைப்படத்தை ஓவியமாக்கும் செயலிகளுக்குக் கைபேசியில் பஞ்சமில்லை. ஒரு தட்டுத் தட்டினால் முட்டம் கலங்கரை விளக்கம் எண்ணெய் ஓவியமாகிவிடும். அதையே 12×18 அங்குலத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினால் குட்டு வெளிப்படும். வானம், பாறை, ஆள் முகம் எல்லாவற்றிலும் ஒரே அளவுக் கோடுகள் புழுக்களாக நெளியும். தூரிகை பிடித்தவர் யாரும் அப்படித் தீட்டுவதில்லை. வானத்துக்கு அகலத் தூரிகை எடுப்பார், வள்ளத்தின் விளிம்புக்கு நுனித் தூரிகை எடுப்பார், தூரத்துத் தென்னந்தோப்பை இரண்டே இழுப்பில் முடித்துவிடுவார். எங்கே விவரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற அந்த முடிவைச் செயலியிடம் விடாமல் நம் கையில் வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையின் மையம். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

‘இது புகைப்படமா, ஏமாற்று வேலையா’ என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 1857இலேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்தார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களில் இன்னொன்று செய்தார். அன்றும் இதே சண்டைதான் நடந்தது. போட்டிக்கு அனுப்பும்போது மட்டும் விதிகளைப் படித்து, சரியான பிரிவில் சேருங்கள். இயற்கைக் காட்சி, செய்திப் படம் போன்ற பிரிவுகளுக்கு இவ்வகைப் படங்களை அனுப்பக் கூடாது.

என்னென்ன தேவை

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று போதும். ரா கோப்பு (கேமரா பதிக்கும் பதப்படுத்தாத மூலக்கோப்பு) எடுக்கவும் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கவும் முடிந்தால் கைபேசியும் போதும். ஒரு ட்ரைபாட் வேண்டும். லென்ஸின் முன்விட்டத்துக்குப் பொருந்தும் என்டி ஃபில்டர், அதாவது ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, 6 ஸ்டாப் அளவில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) ஒன்று வாங்கினால் பகலிலும் வேலை செய்யலாம்.

கணினியில் போட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிம்ப், அதோடு ஜிமிக் என்ற இணைப்பு, கையால் தீட்ட கிரிட்டா ஆகிய மூன்றும் இலவசம். ரா கோப்பைத் திறக்க டார்க்டேபிள் இலவசம். அழுத்தம் உணரும் பேனா டேப்லெட் இருந்தால் கை வேகமாக ஓடும். மௌஸிலும் முடியும், நேரம்தான் கூடும். கைபேசியில் மட்டும் செய்பவர்களுக்கு ஸ்னாப்சீட் தொடக்கத்துக்குச் சரி. லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு), மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) வசதிகளுக்கு ஐபிஸ் பெயின்ட் பக்கம் போகலாம்.

எந்தக் காட்சி ஓவியமாகும்

எல்லாப் படமும் ஆகாது. சோதனை எளிது: படத்தைத் திரையில் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் மூன்று, நான்கு பெரிய வடிவங்கள் இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று தனித்தனியாகத் தெரிந்தால் அது தேறும். எல்லாம் கலந்து சாம்பலாகத் தெரிந்தால் எந்தத் தூரிகையும் அதைக் காப்பாற்றாது. உச்சிவெயிலில் வெளுத்த வானத்தோடு எடுக்கும் கடற்கரைப் படங்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

இந்த மாவட்டத்தில் தொடங்குபவர்களுக்கு மிக எளிதான பாடம் தோவாளைப் பூச்சந்தை. விடிகாலையில் கேந்தி, அரளி, பிச்சி என்று குவியல் குவியலாக நிறங்கள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும். விவரத்தை அழித்தாலும் நிறத் திட்டுகள் நின்று படத்தைத் தாங்கும். தேரூர் குளத்தில் விடியலின் எதிரொளியில் தாமரை இலைகள் வெள்ளித் தட்டாகவும் பின்னால் மலை நீலத் திட்டாகவும் தெரியும். அங்கே பறவைகளை விரட்டிப் படமெடுக்க வேண்டாம், அது சரணாலயம். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் டிசம்பர் கடைசியிலிருந்து இலைகள் பழுத்து உதிர ஆரம்பிக்கும், பிறகு செம்புநிறத் தளிர் வரும். ஆண்டு முழுவதும் பச்சையாகக் கிடக்கும் நம் ஊரில் அந்தச் சில வாரங்கள்தான் சிவப்பும் மஞ்சளும் கிடைக்கும் காலம்.

முட்டத்தின் பாறைகளும் செம்மண் மேடுகளும் மழை பெய்து ஓய்ந்தவுடன் நிறம் ஆழ்ந்து நிற்கும். காய்ந்த நேரத்தில் அதே மண் வெளிறிவிடும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை மேலே நின்று எடுப்பதைவிடப் பறளியாற்றின் பக்கம் கீழே இறங்கி எடுங்கள். ஏறத்தாழ 115 அடி உயரத் தூண்கள் வரிசையாக மரங்களுக்குள் மறைந்து போவது ஓவியத்துக்கு ஏற்ற அமைப்பு. மணக்குடிப் பொழிமுகம், குளச்சல் துறைமுகம், வயல் ஏலாக்கள், சானல் கரைகள் எல்லாமே நல்ல களங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஜன்னல் ஒளி மரத்தூண்களில் விழும் இடங்கள் அருமை. ஆனால் திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்கான விதியை வாசலில் கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். கோயில்களில் தடையென்றால் தடைதான். கரமடி இழுப்பவர்களையோ மீன் விற்கும் அம்மாமார்களையோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். முகம் தெரிகிற படத்தை விற்பதாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வானிலையில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டுகிற மாவட்டம் இது. மேகத்துக்குக் குறைவில்லை. மழை விட்ட அரைமணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எடுக்கும்போதே மூன்று வகை

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு கூர்மையான படத்தை மட்டும் எடுத்து வந்து, மிச்சத்தைக் கணினியிடம் கேட்பார்கள். அதைவிட நல்ல வழி, ஒரே இடத்தில் நின்று மூன்று வகையான மூலப்பொருள் சேர்ப்பது. கூர்மையான படம் ஒன்று, கேமராவை அசைத்து எடுத்த படங்கள் சில, பரப்புகளின் படங்கள் சில. இவை மூன்றும் ஒரே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருப்பதால் பின்னால் கலக்கும்போது நிறம் முரண்டு பிடிக்காது.

கூர்மையான படத்துக்கு ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/8. ஐஎஸ்ஓவை 400க்கு மேல் ஏற்றாதீர்கள். இருட்டில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் கணினியில் போடும் தூரிகை ஃபில்டர் விவரம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கீற்றாக இழுத்துவிடும். ஆரம்பத்தில் சொன்ன புழுக்களில் பாதி இப்படிப் பிறந்தவை. சூரியன் சட்டத்துக்குள் இருந்தால் மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். வெளுத்துப்போன வானத்தில் தீட்ட நிறமே இருக்காது. முக்கியப் பொருளைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு எடுப்பதும் முக்கியம். கேன்வாஸில் அச்சடித்து மரச்சட்டத்தில் மடித்து ஒட்டும்போது ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மடிப்புக்குப் போய்விடும்.

அடுத்தது அசைத்து எடுப்பது. கடலுக்கு ஷட்டர் 1/4 முதல் 1/2 நொடி, கிடைமட்டமாக ஒரே சீரில் நகர்த்த வேண்டும். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் 1/8 முதல் 1/3 நொடி, மேலிருந்து கீழாக. கை நகரத் தொடங்கிய பிறகு பொத்தானை அழுத்துங்கள், ஷட்டர் மூடிய பிறகும் கை ஓடட்டும். பொத்தானை அழுத்திவிட்டு நகர்த்தினால் தொடக்கத்தில் கை நின்ற இடம் ஒரு முடிச்சாகப் படத்தில் விழும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அசைவைத் தடுப்பதுதான் அதன் வேலை, நீங்கள் இழுக்கும் இழுப்புக்கு எதிராகத் தள்ளிக் கோட்டை நடுங்க வைத்துவிடும். பத்துக்கு ஒன்றுதான் தேறும் என்று வைத்துக்கொண்டு நிறைய எடுங்கள்.

வெளிச்சக் கணக்கு எளிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 நொடி வரும். இது அசைத்து எடுக்கப் போதாது. 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் 8 மடங்கு நேரம் தரும், அதாவது ஏறத்தாழ 1/13 நொடி. 6 ஸ்டாப் 64 மடங்கு, ஏறத்தாழ 0.6 நொடி. எஃப்/16இல் சென்சாரில் உள்ள தூசி வானத்தில் மங்கலான புள்ளிகளாகத் தெரியும். அவற்றைக் கணினியில் தூரிகை ஃபில்டர் போடும் முன்பே படத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். பிறகென்றால் ஒவ்வொன்றும் ஒரு பெயின்ட் திட்டாகிவிடும். பெரும்பாலான கைபேசிகளில் அப்பர்ச்சர் மாறாது என்பதால் அந்தி மங்கிய பிறகு ப்ரோ மோடில் ஐஎஸ்ஓவைக் கடைசி வரை குறைத்து 1/4 நொடி வையுங்கள். ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து அதை லாங் எக்ஸ்போஷராக மாற்றினால் அலைக்கு இதமான குழைவு கிடைக்கும்.

அலைக்கு இன்னொரு குறிப்பு. 30 நொடி திறந்து வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். அழகுதான், ஆனால் அதில் தீட்டுவதற்கு வடிவம் எதுவும் மிஞ்சாது. ட்ரைபாடில் 1/4 முதல் 1 நொடிக்குள் எடுத்தால் திரும்பி ஓடும் நுரையின் கோடுகள் அப்படியே தூரிகை இழுப்பாக விழும்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு 1/15 முதல் 1/4 நொடி. இறகுகள் விசிறியாகக் குழையும், கம்பம் கூர்மையாக நிற்கும். ஆனால் ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்க் காற்று ட்ரைபாடையும் ஆட்டிவிடும். நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகட்டித் தாழ வைத்து, கனமான பையைத் தரையில் லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். பை அந்தரத்தில் ஆடினால் அதுவே ட்ரைபாடை ஆட்டும்.

மரம், பாறை, மண்டபம் போன்ற தனித்து நிற்கும் பொருளுக்குச் சுற்றி நடந்து எடுக்கும் முறை நல்ல பலன் தரும். மரத்தின் தண்டு எப்போதும் சட்டத்தின் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஒரு வட்டம் நடந்து 12 முதல் 20 படங்கள். பிறகு கணினியில் சராசரி எடுத்தால் தண்டு நிற்கும், பின்னணி நிறக் கலவையாகக் கரையும்.

கடைசி வகை பரப்புகள். குளச்சல் பக்கம் கரையேற்றிய பழைய வள்ளங்களில் உரிந்த பெயின்ட், சுண்ணாம்புச் சுவர், வெட்டுக்கல், பாசி பிடித்த ஓடு, கசங்கிய தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்து ஒரு தொகுப்பாகச் சேர்த்து வையுங்கள். நிழலில், கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, எஃப்/8இல், சட்டம் நிறைய எடுக்க வேண்டும். பக்கவாட்டு வெயிலில் எடுத்த பரப்புக்குச் சொந்தமாக ஒரு வெளிச்சத் திசை இருக்கும், உங்கள் படத்தின் சூரியனோடு அது சண்டை போடும். இணையத்தில் கிடைக்கும் பரப்புகளையும் பயன்படுத்தலாம், ஆனால் உரிமம் பார்க்க வேண்டும். சொந்தச் சுவருக்கு உரிமம் வேண்டாம்.

கடப்புறத்தில் வேலை முடிந்ததும் லென்ஸின் முன்கண்ணாடியை நன்னீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உலர்ந்த உப்பை வெறும் துணியால் தேய்த்தால் கீறல் விழும். ட்ரைபாட் கால்களை வீட்டில் நன்னீரில் கழுவுங்கள். லென்ஸ் மாற்றுவதைக் கரையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கணினியில் முதல் வேலை: மென்மையாக்குதல்

சாதாரணமாக நாம் ரா கோப்பைத் திறந்தவுடன் கூர்மையைக் கூட்டுவோம். இங்கே தலைகீழ். போட்டோஷாப்பின் கேமரா ராவில் ஷார்ப்பனிங் 0, டெக்ஸ்சர் −20 முதல் −40, கிளாரிட்டி −10, இரைச்சல் குறைப்பு 25 முதல் 40. கிளாரிட்டியை ஏற்றினால் மலைவிளிம்பில் வெள்ளை ஒளிக்கோடு வரும். ஃபில்டர் அந்தக் கோட்டையும் தனிப் பொருளாக மதித்துத் தீட்டும், அதன்பின் அழிக்க முடியாது.

நிறத்தைக் குறையுங்கள். மூன்று நிறக் குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். நம் ஊர்ப் படங்களின் பெரிய தொல்லை பச்சைதான். டிஜிட்டல் கேமராவில் தென்னையும் வாழையும் கண்ணைக் குத்தும். பச்சையின் ஹியூவை −15 அளவில் மஞ்சள் பக்கம் தள்ளி, அடர்த்தியை −20 குறைத்தால் பழைய எண்ணெய் ஓவியங்களின் பச்சைக்குப் பக்கத்தில் வந்துவிடும். வானநீலத்தையும் கொஞ்சம் குறைத்தால் செம்மண் தானாகவே எழுந்து நிற்கும். கோப்பை 16 பிட்டில் வெளியே எடுங்கள். 8 பிட்டில் அந்தி வானத்தின் மெல்லிய ஏற்ற இறக்கம் படிக்கட்டாக உடையும்.

அளவை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

பலர் தவறவிடும் படி இது. தூரிகை ஃபில்டர்கள் அங்குலத்தில் யோசிப்பதில்லை, பிக்சலில் யோசிக்கின்றன. 1500 பிக்சல் படத்தில் கம்பீரமாகத் தெரிந்த அதே எண்கள் 6000 பிக்சல் படத்தில் மெல்லிய மயிர்க்கோடுகளாகிவிடும். ஆகவே அச்சளவுக்கு வெட்டி, அளவு மாற்றிய பிறகுதான் ஃபில்டர். 12×18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600×5400 பிக்சல். ஏ3 தாளுக்கு 3508×4961. கேன்வாஸுக்கு 200 பிபிஐ போதும், மடிப்பு அங்குலங்களையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

அகலமான தூரிகை வேண்டுமென்றால், படத்தின் நகலை 50 சதவீதமாகச் சுருக்கி, ஃபில்டர் போட்டு, மறுபடி முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலப்படத்தின் மேல் வையுங்கள். ஃபில்டரின் எல்லையைத் தாண்டிய பெரிய இழுப்புகள் கிடைக்கும்.

சராசரி எடுப்பது

அசைத்து எடுத்தவை, சுற்றி நடந்து எடுத்தவை எல்லாவற்றையும் லேயர்களாக அடுக்குங்கள். எல்லாவற்றுக்கும் 50 சதவீத ஒளிபுகுதிறன் வைத்தால் மேலே உள்ள இரண்டு மூன்று படங்கள் மட்டுமே தெரியும், அடியில் உள்ளவை தொலைந்துபோகும். சமமாகக் கலக்க 100ஐ லேயரின் வரிசை எண்ணால் வகுக்க வேண்டும்: அடியிலுள்ளது 100, இரண்டாவது 50, மூன்றாவது 33, நான்காவது 25, ஐந்தாவது 20. பதினைந்தைத் தாண்டினால் சதவீதம் மிகச் சிறிதாகிக் கணக்குத் தடுமாறும். போட்டோஷாப்பில் எல்லா லேயர்களையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, ஸ்டாக் மோடில் Mean (சராசரி) தேர்ந்தெடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். அதே இடத்தில் Median (நடுமதிப்பு) தேர்ந்தெடுத்தால் ட்ரைபாடில் எடுத்த படங்களில் குறுக்கே நடந்தவர்கள் மறைந்துபோவார்கள். கன்னியாகுமரி முனையில் கூட்டம் இல்லாத படம் வேண்டுமென்றால் இது கைகொடுக்கும். சராசரி எடுத்த படம் சப்பென்று தட்டையாகத் தெரிவது இயல்பு, கர்வ்ஸில் மாறுபாட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

மூன்று தூரிகை, மூன்று லேயர்

இனி ஓவியம் தொடங்குகிறது. கூர்மையான படத்தை மூன்று நகல் எடுங்கள்.

அடி நகலுக்கு முரட்டுத் தூரிகை. போட்டோஷாப்பின் ஆயில் பெயின்ட் ஃபில்டரில் ஸ்டைலைசேஷன் 8, கிளென்லினஸ் 7, ஸ்கேல் 6, பிரிஸில் டீடெய்ல் 2. நடு நகலுக்கு 5, 5, 3, 2. மேல் நகலுக்கு 3, 3, 1, 1. மூன்றிலும் லைட்டிங் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அது பெயின்ட் தடித்து நிற்பதுபோல் பளபளப்பைச் சேர்க்கும், அச்சில் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்தியதுபோல் இருக்கும். ஃபில்டர் பெயர் மங்கி, அழுத்த வராமல் கிடந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்: கோப்பு ஆர்ஜிபியில் இல்லாமல் இருக்கலாம், அல்லது போட்டோஷாப் அமைப்பில் கிராபிக்ஸ் பிராசஸர் (GPU) அணைந்திருக்கலாம்.

கிம்பில் ஆர்ட்டிஸ்டிக் பட்டியலில் ஆயிலிஃபை இருக்கிறது. மாஸ்க் ரேடியஸ் 14, 8, 4 என்று மூன்று நகலுக்கும் வையுங்கள். ஜிமிக்கில் உள்ள குவஹாரா இன்னும் நயமானது. அது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு கட்டங்களைப் பார்த்து, எந்தக் கட்டத்தில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவோ அதன் சராசரி நிறத்தை அந்தப் புள்ளிக்குக் கொடுக்கும். ஓரத்தில் உள்ள புள்ளி ஓரத்தைத் தாண்டிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்காது. அதனால்தான் உள்பகுதி வழவழப்பாகி, விளிம்பு மட்டும் கெடாமல் நிற்கிறது. சாதாரண பிளர் விளிம்பையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

இப்போது நடு நகலுக்கும் மேல் நகலுக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு இரண்டையும் முழுதாக மறைத்துவிடுங்கள். திரையில் முரட்டு லேயர் மட்டும் தெரியும். மென்மையான பிரஷ்ஷில் வெள்ளை எடுத்து, 30 சதவீத ஃப்ளோவில், நடு நகலின் மாஸ்கில் தீட்டிக்கொண்டு வாருங்கள். கண் போக வேண்டிய பகுதி முழுவதும் நடுத்தர விவரம் வெளிவரட்டும். அதன்பின் மேல் நகல். இதைப் படத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திறக்காதீர்கள். வள்ளத்தின் அணியமும் அதில் உட்கார்ந்திருப்பவரின் தோளும் தலையும் போதும். வலைக்குவியலின் ஒவ்வொரு கண்ணியும் தெரிய வேண்டும் என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அசைத்து எடுத்த கடல், சராசரி எடுத்த பின்னணி ஆகியவற்றை இந்த மூன்றுக்கும் அடியிலோ இடையிலோ செருகி, மாஸ்கால் நீர்ப்பகுதியிலும் வானத்திலும் மட்டும் தெரிய வையுங்கள். ஃபில்டர் செய்த அலையைவிடக் கேமராவே இழுத்த அலை எப்போதும் உயிரோடு இருக்கும். அடிவானக் கோடு இரண்டு படங்களிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கையால் தீட்டுவது

இதுவரை செய்ததில் இயந்திரத்தின் வாடை இன்னும் இருக்கும். அதைப் போக்குவது இந்தப் படிதான், இதற்கு மட்டும் நிதானமாக இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேலே ஒரு காலி லேயர் திறந்து, போட்டோஷாப்பில் மிக்ஸர் பிரஷ் எடுங்கள். சாம்பிள் ஆல் லேயர்ஸ் இயக்கத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அடியில் உள்ள நிறத்தை எடுத்துக் காலி லேயரில் தீட்டும், மூலம் கெடாது. வெட் 40, மிக்ஸ் 60, ஃப்ளோ 50 அளவில் தொடங்குங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு பிரஷ்ஷைச் சுத்தம் செய்யும் பொத்தான் இயங்கட்டும், நிறம் நிரப்பும் பொத்தான் அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் வானத்து ஆரஞ்சு பாறையில் அப்பிக்கொள்ளும். கிம்பில் ஸ்மட்ஜ் கருவி, கிரிட்டாவில் ஈரத் தூரிகைகள் இதே வேலையைச் செய்யும்.

பெரிய பிரஷ்ஷில் தொடங்கிச் சிறியதற்கு வாருங்கள். இழுப்பு பொருளின் போக்கில் போக வேண்டும்: நீருக்குக் கிடைமட்டம், தென்னைக்கு மேல்நோக்கி, ஓலைக்கு நரம்பிலிருந்து வெளியே, பாறைக்கு வெடிப்பின் சாய்வில், முகத்துக்குக் கன்னத்தின் வளைவில். ஒரே நீள இழுப்பாக இருக்கக் கூடாது.

விளிம்புகளில்தான் படம் தேறுவதும் தோற்பதும். எல்லா விளிம்பும் ஒரே கூர்மையில் இருந்தால் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். கண் நிற்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் விளிம்பு கூர்மை, அங்கேதான் இருளும் வெளிச்சமும் மோத வேண்டும். மற்றவற்றை மெல்லக் குழையுங்கள். மலையும் மேகமும் ஒரே நிறத்தில் சேரும் இடத்தில் விளிம்பை முழுதாகவே தொலைத்துவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பம்: தீட்டத் தீட்ட நிறம் ஏறிக்கொண்டே போகும். மேலே ஏதோ ஒரு கர்வ்ஸ் அல்லது நிற லேயர் இயங்கிக்கொண்டிருக்கும். பிரஷ் அந்தத் திருத்தப்பட்ட நிறத்தை எடுத்துத் தீட்டும், அதன்மேல் திருத்தம் மறுபடி விழும். தீட்டும்போது திருத்த லேயர்களை எல்லாம் அணைத்து வையுங்கள்.

நடுநடுவே படத்தை இடம்வலமாகத் திருப்பிப் பாருங்கள், பிறகு கறுப்பு வெள்ளையில் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வும் மங்கலும் அப்போது பிடிபடும்.

பரப்பும் கடைசி நிறமும்

சேர்த்து வைத்த சுவர்ப் படத்தை மேலே வைத்து, முதலில் அதன் நிறத்தை முழுதாக நீக்குங்கள். நீக்காவிட்டால் வெட்டுக்கல்லின் சிவப்பு வானம் முழுக்கப் பரவும். பிளெண்டிங் சாஃப்ட் லைட், 20 முதல் 40 சதவீதம். முகத்திலும் பிரகாசமான வானத்திலும் மாஸ்கால் துடைத்துவிடுங்கள், அங்கே பரப்பு அழுக்காகத்தான் தெரியும். கேன்வாஸில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் கேன்வாஸ் நெசவுப் பரப்பைச் சேர்க்கவே கூடாது. அச்சான நெசவும் துணியின் நெசவும் மோதி அலையலையான கோலம் விழும்.

மேலே ஒரு லேயரில் சாஃப்ட் லைட்டில், 5 முதல் 10 சதவீதத்தில், வெளிச்சத்துக்கு வெதுவெதுப்பான மஞ்சளும் நிழலுக்கு நீலமும் தடவினால் தனித்தனியாக நின்ற பகுதிகள் ஒன்றுசேரும். வானத்தில் படிக்கட்டு தெரிந்தால் ஒற்றை நிற இரைச்சல் 1 முதல் 2 சதவீதம் சேருங்கள். அதன்பின் ஒரு நாள் கோப்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு லேயரைக் குறைப்பீர்கள். லேயர்களோடு ஒரு கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள், வேறு அளவில் அச்சு வேண்டுமென்றால் அதிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும்.

அச்சும் சட்டமும்

அச்சு எப்போதும் திரையைவிட இருட்டாகவே வரும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்கிறோம். பாதியளவுக்குக் குறைத்துவிட்டு நிழல்களில் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள். முழு அளவு அச்சுக்கு முன் படத்தின் முக்கியப் பகுதியில் 4×6 அங்குலத் துண்டொன்றை, அதே பிபிஐயில், அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் சரிபாருங்கள். இந்தச் சிறு செலவு பெரிய செலவைத் தவிர்க்கும்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மை, எந்தத் தாள். பிக்மென்ட் மையும் பருத்தி இழைத் தாளும் இவ்வகைப் படத்துக்கு ஏற்றவை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவுத் தாள் சட்டத்துக்குள் சுருளாமல் நிற்கும். பிளெக்ஸ் அடிக்கும் இயந்திரத்திலேயே கேன்வாஸும் அடித்துத் தரும் இடங்கள் உண்டு. அதன் மையும் நயமும் வேறு, விலை குறைவு, பயிற்சிக்கு ஒத்துவரும். வழக்கமான போட்டோ லேப் என்றால் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் உச்சத் தரத்தில் ஜேபெக் கொடுங்கள். நல்ல அச்சகமானால் தங்கள் தாளுக்கான நிற ப்ரொஃபைலைத் தருவார்கள், அதை வைத்துத் திரையிலேயே முன்னோட்டம் பார்த்துவிடலாம். பளபளப்பு லேமினேஷன் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். தூரிகை வேலை முழுவதும் அந்தப் பளபளப்பில் ஒளிந்துகொள்ளும்.

கடலோர வீடுகளில் ஈரமும் உப்பும் பெரிய எதிரி. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையில் தடித்த மவுன்ட் அட்டை வைத்து 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு ரப்பர் பொத்தான்கள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றோட்டம் இருக்கும். மழைச்சாரல் அடிக்கும் மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் மாட்டுவதைத் தவிர்த்து, உள்சுவர் பாருங்கள். ஆணி, கொக்கி, கம்பி மூன்றும் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும். சாதாரண இரும்புக் கம்பி உப்புக் காற்றில் அரித்து, ஒருநாள் படத்தோடு கீழே வந்துவிடும்.